ஊருக்குப் போனவங்க கையில் என்ன இருந்தது?



மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடு என்று தலைவி அக்கா கேட்டபோது, நம் கூட்டமைப்பு வளர்ந்த கதையைத்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதை எழுத என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் கணக்கு எழுதுகிறவள். என் கணக்கு நோட்டில் ஒரே ஒரு பக்கம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதைச் சொல்ல காசிக்கும் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022-ல் ரயில்வே துறை "ஒரு நிலையம் ஒரு பொருள்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். அந்தந்த ஊர்ப் பொருளை அந்தந்த நிலையத்தில் விற்கலாம். நமக்கும் 15 நாள் கிடைத்தது. பனை ஓலைப் பொருள்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். 40 கடகம், 60 மூடிப்பெட்டி, 100 விசிறி, கடைசி நேரத்தில் ஒரு பாட்டி "இதையும் வைங்கடி" என்று திணித்த 150 கிலுகிலுப்பை. பதினைந்தாம் நாள் திரும்பி வந்தபோது கடகம் 36 அப்படியே இருந்தது. நம்மில் கைதேர்ந்தவர்கள் நாலு நாள் உட்கார்ந்து முடைந்த கடகம் அது. கிலுகிலுப்பை மூணாவது நாளே காலி.

எல்லாருக்கும் வருத்தம். "நல்ல பொருளோட அருமை ஜனங்களுக்குத் தெரியலை"ன்னு ஒருத்தர் சொன்னார். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஊர் பார்க்க வருகிறவர்கள் எதை வாங்குவார்கள், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது இன்று நேற்று வந்ததல்ல. என் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அவள் கொண்டுவந்த புத்தகங்களை அடுப்படியில் வைத்துப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். காசிக்குப் போகிறவர் முதலில் இராமேஸ்வரம் வந்து கடல் மண் எடுக்கணும். அதைக் கொண்டுபோய் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்கணும். அங்கிருந்து கங்கைத் தண்ணீர் எடுத்துவந்து இங்கே இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. நாட்டின் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்குத் தண்ணீர், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு மண். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரைக்கும் கடலைத் தாண்டப் படகுதான். சேதுவுக்கு வருகிறவர்களைக் காப்பதே கடமை என்று சேதுபதி மன்னர்கள் வழியெல்லாம் சத்திரம் கட்டி வைத்தார்கள்.

அப்படி நடந்தும் வண்டியிலும் போன மனுஷர், வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார்? வாய் அடைத்த சின்னச் செம்பில் கங்கைத் தண்ணீர். அந்தச் செம்பு இன்றைக்கும் எத்தனையோ வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. யாருக்காவது கடைசி மூச்சு இழுக்கும்போது உடைத்து வாயில் இரண்டு சொட்டு விடுவார்கள். எங்க ஆத்தா வீட்டுச் செம்பை எங்க தாத்தாவுக்காக உடைத்தார்கள். அதை வாங்கி வந்தவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

இன்னொன்று காசிக் கயிறு. கறுப்பு நிறத்தில், எடையே இல்லாமல், ஒரு கட்டில் எத்தனையோ கயிறு. காசிக்குப் போய்வந்தவர் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுப்பார். யாரையும் விட்டுவிட முடியாது. விட்டால் வருஷக்கணக்கில் பேச்சு வரும்.

இந்தச் செம்பும் கயிறும்தான் எனக்கு முதல் பாடம். செம்பு தனக்கு, தன் வீட்டுக்கு. அது ஒன்றே ஒன்று, கொஞ்சம் விலை போனாலும் பரவாயில்லை. கயிறு மற்றவர்களுக்கு. அது நிறைய வேணும், மலிவாக வேணும், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாவிட்டால் "அவளுக்கு மட்டும் பெருசு கொடுத்தே"ன்னு வரும். நம் கடையில் வந்து நின்ற ஒவ்வொருத்தரும் இந்த இரண்டில் ஒன்றைத் தேடித்தான் நின்றார்கள். நாங்கள் வைத்திருந்த கடகமோ இரண்டிலும் சேராதது. அது சாமான் போட்டு வைக்கிற பாத்திரம். ரயிலில் போகிறவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டா போவார்?

இது நம் நாட்டுப் பழக்கம் மட்டும் இல்லை. எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியா பக்கத்தில் மேனாஸ் என்ற புனிதரின் கோயில் இருந்தது. ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே யாத்திரை போன கிறிஸ்தவர்கள் கைக்கு அடக்கமான மண் குப்பி வாங்கி வந்தார்கள். அதில் கோயில் தண்ணீரோ எண்ணெயோ இருக்கும். குப்பியின் மேல் இரண்டு ஒட்டகங்களுக்கு நடுவில் புனிதர் நிற்கிற மாதிரி அச்சு. கையால் ஒவ்வொன்றாக வனைந்தது இல்லை, அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் செய்தது. அந்தக் குப்பிகளை இன்றைக்கு ஐரோப்பாவில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கிறார்கள். எருசலேமுக்குப் போனவர்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த குப்பியில் எண்ணெய் கொண்டுவந்தார்கள். இத்தாலியில் மோன்சா என்ற ஊர்த் தேவாலயத்தில் அவற்றில் சில இன்னும் பத்திரமாக இருக்கின்றன. நம்ம கங்கைச் செம்புக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ என்று ஒரு யாத்திரைத் தலம். அங்கே போய்வந்ததற்கு அடையாளம் கடல் சிப்பி. 12-ஆம் நூற்றாண்டில் எழுதின ஒரு வழிகாட்டி நூல், தேவாலயத்துக்கு முன்னால் என்னென்ன விற்றது என்று சொல்கிறது: சிப்பி, திராட்சை மது வைக்கும் தோல் பை, செருப்பு, இடுப்பு வார், மருந்து மூலிகை. அந்தக் கடைவீதியை நினைத்தால் நம்ம கோயில் மேல வாசல்தான் ஞாபகம் வருகிறது. சிப்பி நன்றாக விற்றதும் வழியில் உள்ள மற்ற ஊர்க்காரர்களும் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே போகாதவனும் வாங்கித் தொப்பியில் குத்திக்கொள்ளலாம் என்று ஆனது. 1200-களில் போப்பாண்டவர்களே தலையிட்டு, சந்தியாகோவுக்கு வெளியே சிப்பி விற்கிறவர்களைத் திருச்சபையை விட்டே விலக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். இன்றைக்கு நாம் புவிசார் குறியீடு என்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

அடுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏனென்றால் அது ஒரு குழுக் கடன் கதை.

ஜெர்மனியில் ஆகன் என்ற ஊர்த் தேவாலயத்தில் 7 வருஷத்துக்கு ஒரு தடவை புனிதப் பொருள்களை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். கூட்டம் தாங்காது. பக்கத்தில் போக முடியாத ஜனங்கள் சின்னக் கண்ணாடியைத் தூக்கிப் பிடிப்பார்கள். புனிதப் பொருளின் அருள் அந்தக் கண்ணாடியில் விழுந்து தங்கிவிடும், வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று நம்பிக்கை. அதனால் கண்ணாடி பதித்த உலோகப் பதக்கத்துக்கு நல்ல கிராக்கி. 1439-ல் வரப்போகும் யாத்திரைக்கு மொத்தமாகச் செய்து விற்கலாம் என்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒருவர் மூன்று பங்காளிகளைச் சேர்த்தார். பணம் போட்டார்கள், வேலையும் நடந்தது. அப்புறம் பார்த்தால் யாத்திரை 1440-க்குத் தள்ளிப் போய்விட்டது. கொள்ளை நோய்தான் காரணம் என்கிறார்கள். முதல் முடங்கிவிட்டது.

அதற்குள் பங்காளிகளில் ஒருவர், ஆந்திரேயாஸ் என்று பெயர், 1438 கிறிஸ்துமஸ் சமயத்தில் இறந்துபோனார். அவருடைய சகோதரர்கள், "எங்களையும் பங்கில் சேர்த்துக்கொள், இல்லை என்றால் பணத்தைக் கொடு" என்று வழக்குப் போட்டார்கள். நல்லவேளை, இவர்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது. பங்காளி இறந்தால் வாரிசுக்கு 100 கில்டர், பங்கில் இடம் கிடையாது என்று. இறந்தவர் தர வேண்டிய பாக்கி 85 இருந்தது. கழித்து 15 கொடுத்தால் போதும் என்று 1439-ல் தீர்ப்பு வந்தது.

அந்த ஆள் வேறு யாரும் இல்லை, பிற்பாடு அச்சு இயந்திரத்தால் உலகத்துக்கே பெயர் தெரிந்த கூட்டன்பர்க்தான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலர் அச்சானதற்கு மூலவர். அவர் முதலில் மாட்டிக்கொண்டு முழித்தது யாத்திரைச் சாமான் வியாபாரத்தில். இதை நான் நம் செயற்குழுவில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு அதில் இரண்டு விஷயம் தெரிந்தது. கூட்டம் வருகிற நாளை நம்பி முதல் போடும் தொழிலில் நாள் தவறினால் எல்லாம் தவறும். நமக்கு அது ஆடி அமாவாசையும் தை அமாவாசையும். இரண்டு வருஷத்துக்கு முன்பு நம் பெட்டிகளுக்குச் சாயம் ஏறி முடிந்தது ஆடி அமாவாசைக்கு ஐந்து நாள் கழித்து. இன்னொன்று, உறுப்பினர் இறந்தால் அவர் பங்கு என்ன ஆகும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கணும். நம் குழுக்களில் பாதிப் பேர் இன்னும் எழுதவில்லை. இதைப் படித்தபிறகாவது எழுதுங்கள்.

இனி ஜப்பான். இங்கேதான் எனக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

ஜப்பானில் இசே என்ற இடத்தில் பெரிய கோயில். வாழ்நாளில் ஒரு தடவையாவது போகணும் என்று எல்லாருக்கும் ஆசை. இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எதோ என்று பெயர். அங்கிருந்து இசேவுக்குக் கால்நடையாகப் போக ஏறக்குறைய 15 நாள். ஏழை விவசாயிக்கு அவ்வளவு பணம் ஏது? அதனால் கிராமத்தில் ஒரு குழு சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை எல்லார் சார்பாகவும் அனுப்பி வைத்தார்கள். அந்தக் குழுவுக்கு "இசே-கோ" என்று பெயர். நம்ம ஏலச் சீட்டு, குலுக்கல் சீட்டு மாதிரியேதான். போகிறவர் கையில் வழிச்செலவுக்கு என்று அக்கம்பக்கத்தாரும் பணம் வைப்பார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரர் காசில் போன மனுஷன் வெறும் கையோடு திரும்ப முடியுமா? எல்லாருக்கும் கோயில் தாள் கொண்டுவரணும். அதோடு வேறு ஏதாவதும் வேணும். அவர்கள் தேர்ந்தெடுத்தவை என்ன தெரியுமா? இசே பஞ்சாங்கம். விதைக்கிற நாள், நடுகிற நாள் பார்க்க விவசாயிக்கு உதவும், மடித்தால் மடியில் வைக்கலாம். பெண்களுக்கு இசேயில் செய்த முகப்பூச்சு. எல்லாம் எடை இல்லாத சாமான். தின்பண்டம் அங்கேயே தின்றுவிட்டு வருவதோடு சரி, 15 நாள் நடந்தால் கெட்டுப்போகும். அங்கேயும் ரயில் வந்த பிறகுதான் தின்பண்டம் முன்னுக்கு வந்தது. இன்றைக்கு ஜப்பானியர் ஊருக்குப் போய்வந்தால் ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்றிய மிட்டாய்ப் பெட்டி வாங்கிவந்து அலுவலகத்தில் ஆளுக்கொன்று கொடுக்கணும். அதற்கு "ஓமியாகே" என்று பெயர். கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு. காசிக் கயிறு கதைதான், இனிப்பாக.

ஆக, வாங்குகிறவர் எத்தனையோ சமயம் தனக்காக வாங்குவதில்லை. வீட்டில் காத்திருக்கிற முகங்களை நினைத்து வாங்குகிறார். நம் கடையில் ஒரு வடநாட்டு அம்மா விரல் விட்டு எண்ணினார்: "ஏக், தோ, தீன்..." பதினொன்று வரை எண்ணி, பதினொன்று கிலுகிலுப்பை வாங்கினார். கடகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரர் காலத்துக்கு வருகிறேன். அவர்கள் வாங்கியது வேறு தினுசு. திருச்சிராப்பள்ளியில் காக்காப்பொன் தகட்டில் ஓவியம் எழுதி விற்றார்கள். மைக்கா என்கிறோமே, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு. அதில் வண்ணான், தச்சன், தண்ணீர் சுமக்கிறவள், பல்லக்குத் தூக்கி, சாமி ஊர்வலம் என்று ஒவ்வொரு தகட்டில் ஒரு படம். ஒரு கட்டாகக் கட்டி விற்பார்கள். கண்டோன்மென்டில் இருந்த சிப்பாய்களும் அதிகாரிகளும் வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அவை இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நெட்டி வேலையும் அப்படித்தான். குளத்தில் விளையும் நெட்டித் தண்டை மெல்லிசாகச் சீவி, தஞ்சைப் பெரிய கோயிலையும் திருவரங்கத்தையும் சின்னதாகச் செய்து கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். தந்தத்தில் செய்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும், எடை மட்டும் பஞ்சு. 2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காக்காப்பொன் ஓவியம் என்ன ஆனது என்றால், போட்டோவும் படம் போட்ட தபால் அட்டையும் வந்ததும் போய்விட்டது. படத்துக்காக வாங்கியவனுக்கு அதைவிட மலிவாகப் படம் கிடைத்துவிட்டது. நெட்டி பிழைத்தது, ஏனென்றால் தபால் அட்டையால் கோயிலைக் கையில் தூக்கிக் காட்ட முடியாது.

இதில் ஒன்றை நான் கவனித்தேன், நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெள்ளைக்காரர் வாங்கிய படங்களில் தண்ணீர் சுமக்கிறவளுக்குப் பெயர் கிடையாது. அவள் என்ன சாதி, என்ன தொழில் என்றுதான் எழுதியிருக்கும். வரைந்த ஓவியருக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை. ஊரைக் கொண்டுபோகிறேன் என்று மனுஷரை மாதிரிப் பொருளாக்கிக் கொண்டுபோன வியாபாரம் அது. பொருட்காட்சியில் ஸ்டால் போடும்போது "பாரம்பரிய உடையில் உட்கார்ந்து முடைஞ்சு காட்டுங்கம்மா" என்று சொல்கிறார்களே, அப்போதெல்லாம் எனக்கு அந்தத் தகட்டுப் படம் ஞாபகம் வரும்.

1986-ல் பெவர்லி கார்டன் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் இந்த மாதிரிச் சாமான்களை ஐந்து வகையாகப் பிரித்தார். என் மகள் விளக்கினாள், நான் நம்ம ஊரில் பொருத்திப் பார்த்தேன். படம் ஒரு வகை. அந்த இடத்திலிருந்தே எடுத்த துண்டு இன்னொரு வகை, கடற்கரை மண், சிப்பி, கன்னியாகுமரியில் பொட்டலமாக விற்கும் கலர் மணல் எல்லாம் அதில் வரும். அந்தக் கலர் மணலுக்கு ஒரு கதையும் உண்டு, அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டது என்று. வெறும் மணலை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள், கதையோடு சேர்த்தால் வாங்குவார்கள். பாம்பன் பாலம், தஞ்சைக் கோபுரம் மாதிரி ஊரின் உருவத்தைச் சின்னதாக்கியது அடுத்தது. எங்கேயும் கிடைக்கிற பொருள் மேல் ஊர்ப் பெயரை மட்டும் அச்சடித்தது நாலாவது. கடைசியாக அந்த ஊரில் விளைந்தது, அந்த ஊரில் செய்தது.

நாலாவது வகைதான் நமக்குத் தலைவலி, அதற்குப் பிறகு வருகிறேன். கடைசி வகையில் தமிழ்நாட்டை யாரும் மிஞ்ச முடியாது என்பேன். பழனிப் பஞ்சாமிர்தம் 2019-லும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அதே வருஷமும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-லும் புவிசார் குறியீடு வாங்கின. நம்ம இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்தது. பஞ்சாமிர்தத்தில் சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, வாழைப்பழத்தோடு சர்க்கரை, தேன், நெய் எல்லாம் சேருவதால் நாள்பட இருக்கும். காவடி தூக்கி நடந்து வந்தவர் நடந்தே திரும்பினாலும் கெடாது. அதனால்தான் அது ஊர் ஊராகப் போனது. சாப்பிடுகிற பொருளில் இன்னொரு வசதி, வாங்கினவர் அடுத்த தடவையும் வாங்கணும். கங்கைச் செம்பை ஒரு தடவைதான் வாங்குவார்கள்.

சங்கு விஷயம் தனி. மன்னார் வளைகுடாச் சங்கு நூற்றாண்டுக் கணக்காக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே கல்யாணமான பெண்கள் வெள்ளைச் சங்கு வளையல் போடுவது நமக்குத் தாலி மாதிரி. பழைய கொற்கையில் தோண்டியபோதும் சங்கு அறுத்த துண்டுகள் கிடைத்தன. அதனால் கல்கத்தாவிலிருந்து வருகிற அம்மா நம்ம ஊரில் சங்கைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். குஜராத்திலிருந்து வருகிறவர் அதே சங்கை ஊதிப் பார்த்துவிட்டு விலை கேட்பார். மதுரைக்காரர் "எங்க வீட்ல இருக்கு" என்பார். ஒரே பொருள்தான். அவரவர் வீட்டில் அதற்கு என்ன வேலை என்பதுதான் விலையை முடிவு செய்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து வருவதையெல்லாம் விற்க முடியாது. 2001-ல் பவளம், கடல்குதிரை, கடல் அட்டை, சில சங்கு சிப்பி வகைகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. அழகாக இருக்கிறதே என்று யாராவது பவளத் துண்டைக் கொடுத்து விற்கச் சொன்னால் வாங்காதீர்கள். வாங்கினவரும் விமான நிலையத்தில் மாட்டுவார், விற்ற நாமும் மாட்டுவோம்.

இனி அந்தத் தலைவலி. நம் கடை முடிந்த மாதமே ஒரு மொத்த வியாபாரி வந்தார். சாவிக்கொத்து, பேனா, காந்தம் ஒட்டிய பொம்மை எல்லாவற்றிலும் "இராமேஸ்வரம்" என்று அச்சடித்தது. எங்கோ தொழிற்சாலையில் செய்தது. "முடையவும் வேணாம், காயவைக்கவும் வேணாம், வாங்கி வித்தா போதும், ஒண்ணுக்குப் பாதி லாபம்" என்றார். கூட்டத்தில் பெரிய சண்டை. "நாம பனை ஓலைக்காரங்கன்னுதான் அந்தக் கடையையே கொடுத்தாங்க, அதுல பிளாஸ்டிக்கா?" என்று ஒரு பக்கம். "வங்கித் தவணை பனை ஓலையைப் பார்த்து நிக்குமா? மாசம் பிறந்தா கட்டணும்ல?" என்று இன்னொரு பக்கம். இரண்டாவதாகப் பேசினவர் மேல் சிலருக்குக் கோபம். எனக்கு இல்லை. தவணை எழுதுகிற நோட்டு என் கையில்தான் இருக்கிறது. யார் வீட்டில் என்ன நிலைமை என்று எனக்குத் தெரியும்.

அவர் சொன்னதற்கும் வரலாறு உண்டு. நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்பு இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் ஊர்ப் படம் போட்ட பீங்கான் கோப்பை விற்றார்கள். அதில் பெரும்பகுதி ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் செய்து அனுப்பியது. வாங்கினவர்கள் மகிழ்ச்சியாகத்தான் வாங்கினார்கள், அந்தக் கோப்பைகளை இன்றைக்கும் சேகரிக்கிறார்கள். ஆகவே வெளியூர்ச் சரக்கில் ஊர்ப் பெயர் போட்டால் விற்காது என்று நான் சொல்ல மாட்டேன். விற்கும். ஆனால் எங்கே விற்கும் என்பதையும் பார்க்கணும். அதே சாவிக்கொத்து கோயிலைச் சுற்றி எத்தனை கடையில் தொங்குகிறது என்று நானும் இன்னொரு சகோதரியும் ஒரு சாயங்காலம் நடந்து எண்ணினோம். 23 கடை. இருபத்து நாலாவது கடையாக நாம் போய் நின்றால், விலையைக் குறைக்கிறவர்தான் விற்பார். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது. கிலுகிலுப்பை எத்தனை கடையில் இருந்தது? ஒன்றுகூட இல்லை.

இதைக் கூட்டத்தில் வைத்தேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் "பார்ப்போம்" என்றார்கள். முடிவாக, மொத்த வியாபாரியிடம் வாங்குவதைத் தை அமாவாசை வரைக்கும் தள்ளிவைத்திருக்கிறோம். அதுவரைக்கும் கடகம் முடைவது நிறுத்தம், ஆர்டர் வந்தால் மட்டும். கடகம் முடைகிற மூத்தவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு அம்மா இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. மூணாவது கூட்டத்துக்கு வந்தபோது மடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவு, மூடியோடு. கடகத்துக்குப் போடும் அதே இரட்டைப் பின்னல், அவ்வளவு சின்னதில். "இதுல ஒரு கருப்பட்டித் துண்டு அடங்கும், போட்டு வித்துக்கங்க" என்றார். அளந்து பார்த்தோம், 50 கிராம் கருப்பட்டி சரியாக அடங்கியது. கருப்பட்டி தீர்ந்தாலும் பெட்டி இருக்கும், குங்குமமோ கம்மலோ போட்டு வைக்கலாம். கயிறாகவும் ஆயிற்று, செம்பாகவும் ஆயிற்று.

மூடியில் ஊர்ப் பெயர் வேணும் என்று இளையவர்கள் சொன்னார்கள். ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டு" என்று என்னிடம் கேட்டார். கட்டம் போட்ட நோட்டில் "சேது" என்று எழுதிக் கொடுத்தேன், முழுப் பெயர் அந்த மூடியில் அடங்காது. கட்டத்தை எண்ணி எண்ணி, சிவப்புச் சாயம் போட்ட ஓலையை எந்தக் கண்ணில் நுழைக்கணும் என்று விரலால் கணக்குப் போட்டார். முதல் மூடியில் எழுத்து தலைகீழாக வந்தது. மூன்றாவது மூடியில் சரியாக வந்துவிட்டது.

தை அமாவாசைக்கு 500 பெட்டி என்று இலக்கு வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் குருத்தோலை வெட்டிக் காயவைத்துவிட வேண்டும், அதனால் நாள் அதிகம் இல்லை. பின்னல் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வியாழக்கிழமை மதியம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரலாம். கத்தியும் சாயமும் அங்கேயே இருக்கிறது. ஓலை மட்டும் அவரவர் கொண்டுவரணும்.